ஆளுமைத் தேர்வு சொன்னதை நம்பி பிளஸ் ஒன் குரூப் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகளுக்குப் பள்ளியிலேயே ஒரு தனியார் நிறுவனம் வந்து இரண்டு தேர்வு நடத்தியிருக்கிறது. ஒன்று நான்கெழுத்து ஆளுமைத் தேர்வு, இன்னொன்று தொழில் ஆர்வத் தேர்வு. வழுவழு தாளில் ஒரு பெரிய அறிக்கை வந்திருக்கிறது. அதில் அவள் 'ஐ.என்.எஃப்.பி.' வகை, பொறியியல் பொருந்தாது, எழுத்தும் உளவியலும் பொருந்தும் என்று போட்டிருக்கிறார்கள். அவளுக்கோ கணக்கு பிடிக்கும், மார்க்கும் நன்றாக வருகிறது. "இந்தத் தேர்வுகள் எவ்வளவு நம்பகமானவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு உள்ள குரூப்பை விட்டுவிடலாமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அறிக்கையை மட்டும் வைத்து விடாதீர்கள். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் படித்தது உளவியல் அளவீடு. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரித் தேர்வுகளைக் கொடுத்து, முடிவைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. அதனால் இவற்றை அடியோடு தள்ளிவைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு தேர்வும் ஒரே தரம் கிடையாது. ஒரே அறிக்கைக்குள் பைண்டு செய்து கொடுத்ததால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நான்கெழுத்துத் தேர்வை முதலில் பார்ப்போம். இதன் மூலம் எம்.பி.டி.ஐ. என்கிற மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் இருவரும் உருவாக்கியது. இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் இல்லை என்பதைப் பலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சிக்கல் இருப்பது மதிப்பெண் போடும் விதத்தில். கலகலப்பு, கற்பனை நாட்டம் போன்ற குணங்களில் பெரும்பாலான மனிதர்கள் நடுவில்தான் குவிந்திருப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். இந்தத் தேர்வு சரியாக அந்த நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று கொடுக்கிறது. ஒரு வகுப்பில் எல்லோருடைய உயரத்தையும் அளந்து, ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மேலே இருப்பவர் நெட்டை, கீழே இருப்பவர் குட்டை என்று எழுதிவிட்டு, அளந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவது மாதிரி. கோட்டுக்கு அரை அங்குலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற இரண்டு பேர் எதிரெதிர் வகை ஆகிவிடுகிறார்கள்.

இதன் விளைவைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், உங்கள் மகளுக்கும் பிடிக்கும். ஒவ்வோர் எழுத்தும் திரும்ப எழுதும்போது அப்படியே வருவதற்கு 85 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து அப்படியே வர 0.85-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். 0.52 வரும். அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடும். ஐந்து வார இடைவெளியில் திரும்ப எழுத வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பாதிப் பேர் அளவுக்கு வகை மாறியது பதிவாகியிருக்கிறது. 1991-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் இதைப் பரிசீலித்து, தொழில் ஆலோசனையில் எம்.பி.டி.ஐ.யைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்குச் சரியான ஆய்வுகள் இல்லை என்றது. தேர்வை விற்கும் நிறுவனமே ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்து, பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ளும் '16 பெர்சனாலிட்டீஸ்' தேர்வு இன்னும் ஒரு படி தள்ளி. அது எம்.பி.டி.ஐ.யே கிடையாது. எழுத்துகளை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்ட வேறொரு தேர்வு. பள்ளிக்கு வந்தவர்கள் வைத்தது இவற்றில் எது என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள்; பல அறிக்கைகளில் இரண்டும் இருக்காது, சொந்தத் தயாரிப்பாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எம்.பி.டி.ஐ. முழுப் பொய் என்ற முடிவுக்கும் போக வேண்டாம். எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்தால், ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளும் 'பிக் ஃபைவ்' என்னும் ஐந்து குணக்கூறுகளில் நான்கோடு அது ஓரளவு ஒத்துப்போகிறது. வெளியுலக நாட்டத்தில் நன்றாகவே ஒத்துப்போகிறது. உங்கள் மகளுக்கு முதலெழுத்து 'ஐ', அதாவது உள்ளொடுங்கிய இயல்பு, என்று வந்து, அவள் நிஜமாகவே நாலு பேர் கூடும் இடத்தில் சோர்ந்துபோகிறவள் என்றால், தேர்வு அந்த ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்!

பிக் ஃபைவ் பற்றி இரண்டு வார்த்தை. இதில் வகை கிடையாது, ஐந்து அளவுகோல்கள்தான். ஆய்வுப் பின்புலம் பலமானது. வேலையில் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதோடு எல்லாத் துறையிலும் கொஞ்சமாவது தொடர்பு காட்டுவது பொறுப்புணர்வு, ஒழுங்கு சார்ந்த குணக்கூறு. 1991-இல் பாரிக், மவுண்ட் என்ற இருவர் 117 ஆய்வுகளைத் தொகுத்து இதைக் காட்டினார்கள். சரி, எவ்வளவு தொடர்பு? ஒட்டுறவுக் கெழு சுமார் 0.2 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). ஆயிரம் பேரை வேலைக்கு எடுக்கிற நிறுவனத்துக்கு இது உபயோகமான எண். ஒரே ஒரு பெண்ணின் எதிர்காலத்தைச் சொல்ல இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் வயது. ஆளுமை எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று 152 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ வெளியிட்ட கணக்கின்படி, குழந்தைப் பருவத்தில் நிலைத்தன்மை (இதுவும் அதே மாதிரிக் கெழுதான்) 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பது வயதில் 0.64, ஐம்பதைத் தாண்டினால் 0.74. பதினைந்து வயது என்பது இந்த ஏணியின் கீழ்ப் படிகளில் இருக்கிறது. இப்போது சோம்பேறி என்று வந்த பிள்ளை இருபத்திரண்டில் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. பொறுப்புணர்வு வயது ஏற ஏறக் கூடுவதுதான் பொதுப் போக்கு.

"ஆனால் அறிக்கையில் இருப்பது அப்படியே அவளேதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு; அதிலிருந்த வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். நீங்களும் இதைச் சோதிக்கலாம். அதே வகுப்பில் வேறு எழுத்து வாங்கிய ஒரு தோழியின் அறிக்கையை வாங்கி, இரண்டிலும் பெயரையும் எழுத்தையும் மறைத்துவிட்டு, உங்கள் மகளை நன்றாகத் தெரிந்த சித்தியிடமோ மாமாவிடமோ கொடுத்து எது அவளுடையது என்று கேளுங்கள். தயங்காமல் சரியாக எடுத்தால் அறிக்கையில் ஏதோ விஷயம் இருக்கிறது. நான் பார்த்தவரை நிறையவே தயங்குவார்கள்.

ஆர்வத் தேர்வு வேறு ஜாதி. இதன் வரலாறு நீளம்: எட்வர்ட் ஸ்ட்ராங் 1927-இலேயே ஒன்றை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த ஆறு பிரிவுகள்: கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, மக்களோடு பழகும் சேவை, வியாபாரமும் தலைமையும், அலுவலக ஒழுங்கு. உங்கள் அறிக்கையில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று இருந்தால் அது இதுதான். இதற்காகக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் 60 கேள்விகள் கொண்ட தேர்வு இலவசமாக இருக்கிறது, பிரிவுக்குப் பத்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் உச்சம் 40 மதிப்பெண். ஆர்வங்கள் ஆளுமையைவிடச் சீக்கிரமே நிலைப்படுகின்றன. 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பள்ளி வயது முழுக்க அவை ஓரளவு நிலையாக இருந்து, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் சட்டென்று உறுதிப்படுகின்றன என்று காட்டியது. இதிலும் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். ஆர்வத்துக்குப் பொருந்திய வேலையில் இருப்பவர்கள் அதிகத் திருப்தியோடு இருக்கிறார்களா என்று 105 ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் பார்த்தபோது ஒட்டுறவு 0.19 தான் வந்தது. சம்பளம், மேலாளர், பயண தூரம் இவையெல்லாம் மீதியை எடுத்துக்கொள்கின்றன போலிருக்கிறது. அது என் ஊகம்.

இந்தத் தேர்வு நம் ஊரில் எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அறிக்கைகளில் இது வராது. ஓ-நெட் தேர்வின் ஆரம்பத்திலேயே வரும் கேள்விகள், சமையலறை அலமாரிகள் செய்யப் பிடிக்குமா, செங்கலோ டைலோ பதிக்கப் பிடிக்குமா என்பவை. படிப்பு, சம்பளம் பற்றி யோசிக்காமல் பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள் என்று மேலே எழுதியிருக்கும். நம் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதில்லை. "கொத்தனார் வேலையா?" என்று ஒரு நொடியில் 'கொஞ்சமும் பிடிக்காது' என்று போட்டுவிடுவார்கள். படிக்காவிட்டால் மண்வெட்டிதான் தூக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளை வேறென்ன போடும்? பத்து கேள்வியில் ஏழெட்டுக்கு இப்படிப் போட்டால் 'கையால் செய்யும் வேலை' பிரிவு தரையைத் தொடும். பொறியியலில் பல துறைகளுக்கு ஆராய்ச்சியோடு இந்தப் பிரிவுதான் முன்னால் வரும் என்பதால், கணினி உடனே 'பொறியியல் பொருந்தாது' என்று அச்சடித்துவிடும். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது. வீட்டில் பழுதான ஃபேனையும் மிக்ஸியையும் அவன்தான் கழற்றி மாட்டுகிறான் என்று அவன் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் பிடிக்காது என்று கேட்டபோது, வேலை பற்றி அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த வேலை செய்பவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பதைத்தான் சொன்னான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்திருக்கவே மாட்டோம். பிறகு அது பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்காது என்றுதான் வரும். செய்து பார்த்துப் பிடிக்காமல் போனதும் செய்யாமலே பிடிக்காது என்பதும் தாளில் ஒரே குறியாகத்தான் விழும். உங்கள் மகளுக்கு வந்த பதிலில் எது எந்த வகை என்று தேர்வுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், எண்களின் இடைவெளி. சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 10 என்று அமைந்த ஓர் அளவுகோலில் நம்பகத்தன்மை (அளவீடு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைக் காட்டும் எண், உச்சம் 1) 0.8 இருந்தால், அது மோசமில்லை, அப்போதும் ஒரு மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை 4.5 புள்ளி. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் மேலும் கீழும் 9 புள்ளி விட வேண்டும். ஆகவே கலை 58, ஆராய்ச்சி 54 என்று வந்தால் கலை முதலிடம், ஆராய்ச்சி இரண்டாமிடம் என்று வரிசை போடுவதில் அர்த்தமில்லை; இரண்டும் சமம் என்றே படிக்க வேண்டும். நல்ல அறிக்கையில் இந்தப் பிழை அளவைப் பட்டையாக வரைந்து காட்டியிருப்பார்கள். ஆறு பிரிவும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வந்திருந்தால் அந்தத் தேர்வு உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆறும் சேர்ந்து கீழே கிடந்தால் தொழில் பேச்சை நிறுத்திவிட்டு, பிள்ளை சரியாகத் தூங்குகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பேன்.

கவனித்தீர்களா, இரண்டு தேர்வுமே 'முடியுமா' என்று கேட்கவில்லை. ஒன்று 'நீ எப்படிப்பட்டவள்' என்று கேட்டு அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. மற்றது 'எது பிடிக்கும்' என்று கேட்டு அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. திறனை அளக்கத் தனித் தேர்வுகள் உண்டு. சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் சேர்ந்து ஒன்பது, பத்தாம் வகுப்புக்காகக் கொண்டுவந்த 'தமன்னா' அப்படி ஒன்று. மொழி, எண், இடஞ்சார் திறன் என ஏழு பகுதி, பாஸ் ஃபெயில் கிடையாது. அதிலும் எண் திறன் குறைவாக வந்தால் அது பிள்ளையின் மூளையா, எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் இல்லாமல் போன வருடமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'பொறியியலுக்குத் திறன் போதாது' என்று உங்கள் அறிக்கை எங்காவது எழுதியிருந்தால், அதற்கான கேள்வியே அவள் எழுதிய இரண்டு தேர்விலும் இல்லை என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

கைரேகையை ஸ்கேன் செய்து பன்முக நுண்ணறிவைக் கண்டுபிடிப்பதாக அதே நிறுவனம் இன்னொரு தேர்வையும் விற்கப் பார்க்கிறது என்றீர்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். விரல்ரேகை தாயின் கருவிலேயே உருவாகி மாறாமல் இருப்பது உண்மை. அதிலிருந்து படிப்பையும் தொழிலையும் சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடம் வைத்து நான் எழுதவில்லை. பணத்தை மிச்சம் பண்ணுங்கள்.

மற்ற தேர்வுகளுக்கு, நடத்தியவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். தேர்வின் பெயர் என்ன, கையேடு இருக்கிறதா? என் மகளின் மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட்டீர்கள், தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடா, அமெரிக்கப் பெரியவர்களோடா? ஒரு மாதம் கழித்து எழுதினால் எவ்வளவு மாறும்? பதில் தெரிந்தவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். 'எங்கள் அல்காரிதம் ரகசியம்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தொழில் ஆலோசகர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் தேவைப்படாது. அதனால் கேட்கிற பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

இனி குரூப் விஷயம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கட்-ஆஃப் 200: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆளுமைக்கு அதில் மார்க் கிடையாது. கணக்கை இப்போது விட்டால் பொறியியல் மட்டும் இல்லாமல் கட்டடக்கலை போன்ற வழிகளும் அடைபடும். வைத்துக்கொண்டால் உளவியலோ இலக்கியமோ பிறகு எடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அறிக்கை பரிந்துரைத்த உளவியலிலேயே புள்ளியியல் ஒரு பாடம், அதில்தான் பலர் திணறுவார்கள். ஆகவே கணக்கு பிடிக்கிற, மார்க்கும் வருகிற பெண்ணுக்குக் கணக்கு உள்ள குரூப்தான் என் கணிப்பு. உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. நீட் எழுத அவளுக்கு, உங்களுக்கில்லை, எண்ணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. இருக்கிறது என்றால் உயிரியல் வேண்டும். இல்லை என்றால் அந்தச் சுமை தேவையா என்று அவளே சொல்லட்டும்.

எழுத்து பொருந்தும் என்று வந்ததையும் வீணாக்க வேண்டாம். விடுமுறையில் பள்ளி இதழுக்கோ உள்ளூர் நூலகக் கூட்டத்துக்கோ ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்; தெரிந்தவர் யாராவது சைட் இன்ஜினியர் இருந்தால் ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து, ஓ-நெட் தேர்வை நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எழுதட்டும். பள்ளியில் எழுதிய ஆர்வத் தேர்விலும் இதிலும் மேலே வந்த பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய அறிக்கையில் ஆறு பிரிவுகளின் எண்களும் இருந்தால், பெயர், பள்ளி எதுவும் இல்லாமல் அவற்றை மட்டும் இங்கே போடுங்கள். வெறும் எழுத்துகளை வைத்து என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது, எண்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லலாம்.